காற்றுக்கு விட்ட கீறல்

கணவாய்ப்புதூரில், முடியாத கட்டடத்தை வெளி ஆள் யாராவது பார்த்துவிட்டால் அது அப்படியே நின்றுவிடும். அதன் பிறகு எத்தனை மூட்டை சிமென்ட் வாங்கி இறக்கினாலும் பயனில்லை. செங்கல் செங்கலோடு சேராது, பூச்சு சுவரில் ஒட்டாது. ஆகவே அங்கே அஸ்திவாரம் தோண்டும் முன்பே மூங்கில் சாரம் எழுப்பி, அதைச் சுற்றிப் பச்சைப் படுதாவை இழுத்துக் கட்டிவிடுவார்கள். வீட்டுக்காரரும் வேலையாட்களும் உள் ஆட்கள். மற்றவர்கள் வெளி ஆட்கள். காகம் எதில் சேரும் என்பதில் மட்டும் ஊரில் இரண்டு கருத்துகள் இருந்தன. கல்யாண மண்டபத்தின் மாடிப்படி பாதி உயரத்தில் நின்றுபோனது ஒரு காகத்தால்தான் என்று மண்டபத்துக்காரர் சொல்லிவந்தார். மாடியில் வேலை இருப்பவர்கள் கடைசிப் படிவரை ஏறி, அங்கே சற்று நேரம் நின்றுவிட்டு இறங்கினார்கள்.

பூக்கடை பகவதியின் வீட்டுக்குக் கூரை இல்லை. சுவர்கள் தலைக்கு மேல் எழுந்த நேரத்தில் ஒரு ஆடிக் காற்று படுதாவின் முனையைத் தூக்கிவிட்டது. சாலையில் போன பேருந்தின் ஜன்னலோரம் இருந்த யாரோ ஒருவர் திரும்பிப் பார்த்தார். அவர் யார் என்று தெரியாது. நல்ல மனிதராகவே இருக்கக்கூடும். அன்றிலிருந்து பகவதி இடது கையில் குடையும் வலது கையில் கரண்டியுமாகச் சமைத்தாள்.

தனக்கென்றால் அவள் அப்படியே இருந்திருப்பாள். மகள் அபிஷா முதல் பிரசவத்துக்கு ஆவணியில் தாய்வீடு வருவதாக இருந்தது. பிறந்த குழந்தைக்குக் குடை போதாது. எனவே பக்கத்து மனையில் பகவதி இன்னொரு வீடு கட்டத் தொடங்கினாள். சுவர் எழும்பிக் கூரைக்குக் கம்பி கட்டும் வேளையில் மறுபடியும் ஆடி பிறந்தது. மேற்கே மலைக்கு நடுவிலிருக்கும் இடைவெளியில் காற்று கூடிவந்தது. ஊரைச் சுற்றி நின்ற காற்றாலைகள் பேச்சே காதில் விழாதபடி சுழன்றன.

சாரம் கட்டும் தாணுலிங்கம் படுதாவை ஒருமுறை தட்டிப் பார்த்தான். அது மத்தளம் போல ஒலித்தது.

"யக்கா, இது சரிப்படாது. முழத்துக்கு ஒரு கீறல் போடுவோம். காத்து உள்ள வந்து வெளிய போகட்டும்."

"காத்து போற வழியில கண்ணு வராதா?"

"வரும். வந்தா என்ன, ஒரு ஜன்னல் போகும். இல்லேன்னா ஒரு பரண் போகும். கீறலே விடலேன்னா சவத்துக் காத்து மொத்தமா அள்ளிட்டுப் போயிரும்."

"உனக்கென்ன, ஜன்னல்னு சொல்லிட்டுப் போயிருவ. எந்த ஜன்னல்னு அந்தக் கண்ணுக்குத் தெரியுமா? கூரை மேல விழுந்தா?"

பகவதி பிறந்ததிலிருந்து பூக்கட்டுகிறவள். பூவுக்கும் பூவுக்கும் நடுவே நார் தெரிந்தால் அந்தச் சரத்தை அவள் கடையில் தொங்கவிட மாட்டாள். படுதாவின் ஓரத்தையும் அவளே அப்படித்தான் கட்டினாள். ஒவ்வொரு துளையிலும் கயிறு, ஒவ்வொரு கயிற்றிலும் இரட்டை முடிச்சு. தாணுலிங்கம் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"நல்லாத்தான் கட்டுதீங்க," என்றான். "பிச்சிப்பூவா இருந்தா சாமிக்கே போடலாம்."

ஆனாலும் அவன் சொன்னதை அவள் யோசிக்காமல் விட்டுவிடவில்லை. தெருவில் வீடு வீடாகப் போய், காற்று முற்றும்போது தான் குரல் கொடுத்தால் எல்லாரும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொண்டாள். யாரும் மறுக்கவில்லை. பாதியில் நிற்கும் ஏதோ ஒன்று எல்லார் வீட்டிலும் இருந்தது.

வெள்ளிக்கிழமை உச்சிவேளையில் காற்று முற்றியது. படுதா வயிற்றுப்பிள்ளைக்காரியைப் போல முன்னால் உப்பியது. உள்ளே சாரத்தின் மேல்தட்டில் தாணுலிங்கம் ஒரு மூங்கிலையும் பகவதி ஒரு மூங்கிலையும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள். முடிச்சு ஒன்றுகூட நெகிழவில்லை. நெகிழாததால் படுதா முடிச்சுகளோடும், முடிச்சுகள் மூங்கில்களோடும் கிளம்பின.

"கண்ண மூடுங்க!" என்று பகவதி கத்தினாள்.

படுதா பாதிச் சாரத்தை இழுத்துக்கொண்டு காற்றாலைகளுக்கு மேலே பறந்து கிழக்கே போனது. வீடு கம்பியும் செங்கலுமாகத் தெருவின் முன்னால் நின்றது. பகவதி மிஞ்சிய மூங்கிலைப் பிடித்தபடி தெருவை ஆள் ஆளாகப் பார்த்தாள். டீக்கடை ஏசுவடியான் மேல் டம்ளரிலிருந்து கீழ் டம்ளருக்கு டீ ஆற்றிக்கொண்டிருந்தார். அவர் கண்கள் மூடியிருந்தன. சலூன் வாசலில் பாதி முகம் சவரம் செய்யப்பட்டவர் மூடியிருந்தார். சவரம் செய்தவரும் மூடியிருந்தார். தபால்காரர் சைக்கிளில் இருந்து இறங்கி நின்று மூடியிருந்தார். தெருமுனையில் படுத்திருந்த நாய்கூட மூடியிருந்தது. அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

தாணுலிங்கம் புதுப் படுதா கொண்டுவந்து கட்டினான். இந்த முறை அவளிடம் கேட்காமலே கீறல் விட்டான்.

"முடிஞ்சுது. எல்லாரும் கண்ணத் திறங்க," என்றாள் பகவதி.

யாரும் திறக்கவில்லை.

"திறக்க வரல, பகவதி," என்றார் ஏசுவடியான்.

தாணுலிங்கம் சற்று யோசித்தான். "யக்கா, நீங்க தெருவப் பாத்தீங்களா?"

"பாத்தேன். யாரும் பாக்கலியேன்னு பாத்தேன்."

"உள்ள நின்னுகிட்டா?"

"உள்ளதான நின்னேன்."

"அப்போ தெருவுக்கு நீங்க வெளி ஆளுல்லா."

அது சரிதான். விதி கட்டடத்துக்கு மட்டும்தான் என்று ஊரில் எவரும் சோதித்துப் பார்த்ததில்லை. கண்ணை மூடுவது பாதி வேலை. திறந்தால்தான் அது முடியும்.

"நீ ஏன் பாக்கல?" என்றாள் பகவதி.

"உயரத்துல நின்னா எனக்குக் கீழ பாக்கப் பயம்," என்றான் சாரம் கட்டும் தாணுலிங்கம்.

கூரை வேலை தடையின்றி நடந்தது. கான்கிரீட் இறுகியது. அதன் கீழே நின்று பகவதி முதல்முறையாகக் குடையை மடக்கினாள். பால் காய்ச்சும் நாளில் தெருவே திரண்டு, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு வந்தது. சுவரைத் தடவிப் பார்த்து, பெயின்ட் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கிறது என்றார்கள். ஏசுவடியானால் வர முடியவில்லை. அவருடைய டீ இரண்டு டம்ளர்களுக்கும் நடுவே நீண்டு நின்றது. வேண்டியவர்கள் வாயை நேராக அங்கே கொண்டுபோய்க் குடித்தார்கள். அது ஆறவும் இல்லை, தீரவும் இல்லை.

பகவதி மட்டும் சில நாட்கள் வாசலில் தண்ணீர் தெளிக்கும்போது தெருவை நிமிர்ந்து பார்க்காமல் இருந்தாள். பிறகு தபால்காரரே அவள் கையில் கடிதத்தைச் சரியாக வைத்துவிட்டு, "உன் பூவாசம் இருக்கையில எனக்கெதுக்குக் கண்ணு?" என்று சொன்ன நாளிலிருந்து பார்க்கத் தொடங்கினாள்.

ஆவணியில் அபிஷா வந்தாள். பெண் குழந்தை பிறந்தது. புதுக் கூரையின் கீழே தொட்டில் கட்டினார்கள். மருமகனின் வீட்டார் வெளியூரிலிருந்து, திறந்த கண்களோடு, குழந்தையைப் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். பகவதி தாணுலிங்கத்தை வரவழைத்தாள்.

அவன் பிளந்த மூங்கிலில் தொட்டிலைச் சுற்றி ஒரு சிறிய சாரம் கட்டினான். அதன்மேல் பச்சைப் படுதாவைப் போர்த்தினான்.

"இங்கயும் கீறல் விடாமத்தானா?"

பகவதி படுதாவை விலக்கி உள்ளே பார்த்தாள். குழந்தை கைகால்களை உதைத்துக்கொண்டு, பல் இல்லாத வாயைத் திறந்து சிரித்தது.

"ஒண்ணே ஒண்ணு விடு," என்றாள். "வாய்க்கு நேரா."

"அப்புறம் பல்லு முளைக்காதே."

"கஞ்சி குடிச்சுக்கிடும்."

தாணுலிங்கம் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, சிரிப்பின் அகலத்தைப் படுதாவில் குறித்துக்கொண்டான்.