ஆடுகளோடு போன தொகுதி

நான் போட்டியிட்ட சட்டமன்றத் தொகுதி வருடத்தில் பாதி நாள் நடந்துகொண்டிருக்கும். எல்லை வகுக்க வந்த அதிகாரி, அந்தப் பொட்டல் வெளியில் ஒரு குன்றோ வாய்க்காலோ தென்படாததால், எதிரில் மேய்ந்துகொண்டிருந்த ஆட்டுக்கிடையையே எல்லையாக அறிவித்துவிட்டுப் போனார். ஆடு கத்துவது எவ்வளவு தூரம் கேட்கிறதோ அவ்வளவு தூரம் தொகுதி. அறுவடை முடிந்ததும் ஆடுகள் மேய்ச்சலுக்குக் கிளம்பும். தொகுதியும் கிளம்பும்.

கிடைக்குத் தலைவரான ராக்கன் கீதாரி நல்ல மனிதர். எந்தப் பக்கம் புல் இருக்கிறதோ அந்தப் பக்கம் ஓட்டுவார். கட்சி பார்க்க மாட்டார்.

எங்கள் உறுப்பினர் மங்களேஸ்வரி அக்கா. அவரை எதிர்த்து நான் மூன்று முறை நின்றேன், மூன்று முறையும் தோற்றேன். அவரைப் போல ஓர் உறுப்பினரை நான் பார்த்ததில்லை. மற்ற உறுப்பினர்கள் தங்கள் தொகுதிக்குப் போவார்கள், வருவார்கள். அக்கா தன் தொகுதியோடு நடந்தார். நொண்டும் குட்டி ஒன்று எப்போதும் அவர் தோளில் கிடக்கும். மனு கொடுக்க வருகிறவர்களும் கூடவே நடப்பார்கள். பேசி முடிப்பதற்குள் அடுத்த ஊர் வந்துவிடும். அந்த ஊர்க்காரர்களும் அன்றைக்கு அவருடைய மக்கள்தான். சட்டமன்றத்தில் ஒருமுறை அவரிடம், "உங்கள் தொகுதி எங்கே இருக்கிறது?" என்று கேட்டார்கள். "காலையில் நான் கிளம்பும்போது திருவாடானையைத் தாண்டிக்கொண்டிருந்தது. இப்போது தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்" என்றார். அவர் சொன்ன நேரத்தில் ஆடுகள் கண்மாயில்தான் நின்றன. பின்னால் வந்த நான் பார்த்தேன்.

தொகுதி ஓரிடத்தில் படுத்தால் அங்கே வாக்குச்சாவடி வேண்டும். சாவடிக்கு விளக்கு வேண்டும், பாதை வேண்டும். அதனால் ஊர்கள் எல்லாம் ஆடுகளை வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தன. தொகுதி படுத்து எழுந்துபோன இடங்களில் மின்கம்பம் நின்றது.

நான்காவது தேர்தல் வந்தபோது கூடவே ஓர் ஆணையும் வந்தது. முடிவு அறிவிக்கும் நாளன்று மாலையோடு தொகுதி கலைக்கப்படும். பக்கத்துத் தொகுதியோடு சேர்த்துவிடுவார்கள். அது நடக்காத தொகுதி.

அப்போது ஆடுகள் வெள்ளியேந்தலில் படுத்திருந்தன. அது அக்கா வாழ்க்கைப்பட்ட ஊர். அங்கேயே வாக்குப்பதிவு நடந்தால் அவர் ஜெயிப்பது உறுதி. எதிரே கோணாறு ஓடியது. ஆற்றுக்கு அக்கரையில் மேட்டுக்குறிச்சி. அது என் மனைவி செல்லக்கிளி பிறந்த ஊர். அந்த ஊருக்குப் பாலம் கிடையாது. போன மழைக்குச் செல்லக்கிளியின் தங்கையைப் பிரசவ வலியோடு கட்டிலில் வைத்து ஆற்றில் தூக்கி வந்தார்கள். கட்டில் மட்டும் கரைக்கு வந்தது.

ஒரு நாள் காலையில் அக்கா கீதாரியிடம், "அண்ணே, ஆட்டை அங்கிட்டு ஓட்டுங்க" என்றார்.

கீதாரி ஆற்றைப் பார்த்தார். "தண்ணி ஏறுதே தாயி."

"நாளைக்கு இன்னும் ஏறும்ண்ணே."

நான் பக்கத்தில்தான் நின்றேன். "அக்கா, அங்கிட்டு எல்லாரும் என் மாமனார் வகை. ஒரு ஓட்டு உங்களுக்கு விழாது" என்றேன்.

"தெரியும் பூமிராசு. தொகுதி அங்கிட்டுப் போனா ஓட்டுப்பெட்டியும் அங்கிட்டுப் போகணும்ல? பெட்டி நனையக் கூடாது. பாலம் போட்டுத்தானே ஆகணும்."

"தொகுதியே போகப்போகுதே அக்கா. இப்பப் போயி..."

"அதுக்குத்தான் அவசரம். வேட்டிய மடிச்சுக் கட்டு."

கட்டினேன். ஆடுகள் கரையில் முட்டி நின்றன. முன்னோடிக் கிடாய் தண்ணீரில் கால் வைக்க மறுத்தது. அது இறங்காமல் மற்றது இறங்காது. பாதி இறங்கிப் பாதி நின்றுவிட்டாலும் ஆபத்து, தொகுதி இரண்டாகிவிடும். அக்கா தோளிலிருந்த குட்டியை என்னிடம் கொடுத்துவிட்டு, அந்தக் கிடாயைத் தன் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆற்றில் இறங்கினார். தண்ணீர் அவருடைய மார்பு வரைக்கும் வந்தது. கிடாய் அவர் காதுக்குள் கத்தியது. அந்தச் சத்தத்துக்கு மொத்தக் கிடையும் பின்னால் இறங்கியது. நடு ஆற்றில் சில ஆடுகளை வெள்ளம் இழுத்துக்கொண்டு போனது. அந்த அளவுக்குத் தொகுதி சுருங்கியது. ஓர் ஆடு என் கைக்கெட்டும் தூரத்தில் போனது. குட்டியை வாயால் கவ்விக்கொண்டு அதைப் பிடித்தேன். அக்கரை ஏறியதும் அக்கா என் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டு, "ஒரு தெருவைக் காப்பாத்திட்டே" என்றார்.

வெள்ளத்தின் இரைச்சலில் ஆடுகளின் சத்தம் வெள்ளியேந்தலுக்குக் கேட்கவில்லை. அந்த ஊர் தொகுதியை விட்டு வெளியேறியது. ஊர்க்காரர்கள் கரையில் நின்று அக்காவைப் பார்த்துக் கும்பிட்டார்கள்.

அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். பெட்டி நனையக் கூடாது என்று அவர்களும் சொன்னார்கள். வெள்ளம் வடிந்ததும் இரவு பகலாக வேலை நடந்தது. வாக்குப்பதிவுக்கு முன்பே பாலம் வந்துவிட்டது. அக்கா பிரசாரம் செய்யவில்லை. கொத்தனார்களுக்குக் கூழ் கரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் வீடுவீடாகப் போய் அவருக்கு ஓட்டுப் போடும்படி கேட்டேன். "மருமகன் தன்மையானவர்" என்று சொல்லி எல்லாரும் எனக்கே போட்டார்கள்.

மதியம் முடிவு வந்தது. நான் ஜெயித்திருந்தேன். அக்காவுக்கு ஒரே ஓட்டு. அது நான் போட்டது. அவருடைய ஓட்டும் எனக்குத்தான் விழுந்திருந்தது.

மாலை வரைக்கும் நான் உறுப்பினர். என்ன செய்வது என்று தெரியவில்லை. அக்காவிடம் போய்க் கேட்டேன்.

"நடக்கணும். வேற ஒண்ணுமில்ல" என்றார். "வலது தோள்ல குட்டியப் போடு. இடது காதால மக்கள் சொல்றதக் கேளு."

நடந்தேன். பாலத்தின் பக்கம் வந்தபோது, நிறைமாத வயிற்றோடு ஒரு பெண் மிதிவண்டியின் பின்னால் உட்கார்ந்து வெள்ளியேந்தல் பக்கம் போய்க்கொண்டிருந்தாள். கையில் முறுக்கு வைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும், "மாமா, ஆசுபத்திரிக்குப் போயிட்டு சாயங்காலம் வந்துருவேன்" என்றாள். செல்லக்கிளி எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தாள். பாலத்தின் கைப்பிடிச் சுவரில் கன்னத்தை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றாள். நானும் நின்றேன். அக்கா ஆடுகளை ஒதுக்கிக்கொண்டு முன்னால் போய்விட்டார்.

பொழுது சாய்ந்ததும் தொகுதி கலைந்தது. கீதாரி ஓர் ஆட்டைத் தூக்கிப் பார்த்து, "எடை குறைஞ்சிருச்சு" என்றார். அதன் பிறகு அவை வெறும் ஆடுகளாக மேயத் தொடங்கின. அக்கா வெள்ளியேந்தலுக்குத் திரும்பவில்லை. மேட்டுக்குறிச்சிக்காரர்கள் அவருக்கு வீடு கட்ட இடம் கொடுத்தார்கள். என் மாமனார்தான் கல் சுமந்தார்.

அடுத்த தேர்தலை நடக்காத தொகுதியில் சந்தித்தோம். யார் நின்றார்கள் என்று சரியாக நினைவில்லை. அன்று காலை நானும் செல்லக்கிளியும் வெள்ளியேந்தல் சந்தையில் இருந்தோம். அக்கா மருந்து வாங்க வந்திருந்தார். மூன்று பேரும் சேர்ந்தே மேட்டுக்குறிச்சிக்கு ஓட்டுப் போடத் திரும்பினோம். ஆற்றங்கரைக்கு வந்தபோது பாலம் இல்லை. அது அக்கரையில் வாக்குச்சாவடிப் பள்ளிக்கூடத்துக்கு முன்னால், ஓட்டுப் போட வரிசையில் நின்றுகொண்டிருந்தது. அதற்கு முன்னால் நான்கைந்து பெண்கள் இருந்தார்கள். அக்கா குடையை விரித்தார். செல்லக்கிளி பையிலிருந்து வெள்ளரிப்பிஞ்சை எடுத்து ஒடித்துக் கொடுத்தாள். நாங்கள் தின்று முடிக்கும் சமயத்தில் பாலம் முதல் தூணில் மை வைத்துக்கொண்டு வந்து ஆற்றின் மேல் படுத்தது. நாங்கள் ஏறி அக்கரைக்குப் போனோம்.