பாறைக்குட்டைக் கல்

விசாகப்பட்டினத்தில் கடல் உள்வாங்கியிருந்த காலை நேரம். பாறைகளுக்கு நடுவே தேங்கிய குட்டையில் விழாத குறையாகக் குனிந்து நின்றாள் வர்ஷினி. சங்குக்குள் குடியிருக்கும் நண்டு, நிழல் பட்டதும் சுருங்கிக்கொள்ளும் கடல்சாமந்தி, மீசை மட்டும் தெரியும் இறால். ஒரு கல்லில் மட்டும் பச்சைப் பொத்தான்களை நெருக்கித் தைத்ததுபோல் சின்னச் சின்னப் பூக்கள். அவையும் உயிர்கள்தாம். ஒன்பது வயதுக்காரிக்கு அந்தக் கல்லை விட்டு வர மனமில்லை.

வர்ஷினி குடும்பத்தைக் கூட்டிப்போன சுமலதா கடலுயிர்களைப் பற்றிப் படிக்கும் பெண். எதையும் தொடக்கூடாது, எடுத்துப்போவது குற்றம், சிலவற்றில் விஷமும் உண்டு என்று முதலிலேயே சொல்லியிருந்தாள். வர்ஷினியின் அப்பா ஜெயச்சந்திரன் தலையாட்டினான். ஆனாலும் மற்றவர்கள் முன்னே நடந்ததும், அந்தக் கல்லைக் கடல்நீரோடு வாளியில் போட்டுத் துண்டால் மூடிக்கொண்டான். வாரமெல்லாம் ஹைதராபாத்தில் கச்சிபௌலி ஆபீசே கதியென்று கிடப்பவன். மகள் வாய்விட்டுக் கேட்ட ஒன்றை மறுக்க அவனால் முடியவில்லை.

குகட்பள்ளி வீட்டில் கல்லைக் கண்ணாடித் தொட்டியில் வைத்தார்கள். கூடவே வந்த நண்டு மூன்றாம் நாள் செத்தது. தண்ணீர் கலங்கி நாறியது. பூக்கள் வாய் மூடிக்கொண்டன. அவை தூங்குகின்றன என்று வர்ஷினி தெலுங்கில் சொல்லிக்கொண்டே இருந்தாள். தூக்கிப் போடச் சொன்னாள் அம்மா வசந்தி. கழுவி வைத்தால் பிள்ளைக்குக் கல்லாவது மிஞ்சுமே என்று ஜெயச்சந்திரன் நினைத்தான். ஞாயிறு காலை, ஜன்னலில்லாத குளியலறையில் கல்லை வைத்து, கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றித் தேய்த்தான். வர்ஷினி வாசற்படியில் உட்கார்ந்து, எழும்பிய ஆவிக்குள் முகத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மதியம் அவன் வாயில் இரும்பைச் சப்பியதுபோல் ஒரு சுவை. சாயங்காலம் மகளுக்குக் குளிர்காய்ச்சல் கண்டு மூச்சு இழுத்தது. ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். வெளியே சாப்பிட்டாளா, வீட்டில் பூச்சிமருந்து அடித்தீர்களா என்று டாக்டர் கிருஷ்ணபிரசாத் துருவித் துருவிக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லையென்றான் ஜெயச்சந்திரன். கல் நினைவுக்கு வராமல் இல்லை. குற்றம் என்ற சொல்லும் கூடவே வந்தது. போலீஸ், ஆபீஸ், நாலு பேர் பேச்சு. சாதாரணக் காய்ச்சலாகத்தான் இருக்கும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு, இருமலை விழுங்கியபடி உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் மதியம் மகளை ஐசியூவுக்குத் தள்ளிக்கொண்டு போனபோது அவள் உதடு நீலம் பாரித்திருந்தது. அதற்கப்புறம்தான் அவன் டாக்டர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னான்.

அவர் திட்டவில்லை. சுமலதாவுக்குப் போன் போடச் சொன்னார். வெந்நீர் பட்டால் அந்தப் பூக்களின் விஷம் ஆவியோடு ஏறும் என்றாள் அவள். இதற்கு முறிமருந்து கிடையாது, நுரையீரலைத் தாங்கிப் பிடிக்கத்தான் முடியும், அதை நேற்றே தொடங்கியிருக்கலாம் என்றார் டாக்டர். வாசலில் நின்று வசந்தி கேட்டுக்கொண்டிருந்தாள்.

வராந்தாவுக்கு வந்ததும், நாகர்கோவில் பேச்சு மாறாமல், மெதுவாகக் கேட்டாள்: "தெரிஞ்சுகிட்டேயா நேத்துலருந்து சும்மா இருந்திய?"

"பயந்துட்டேன் வசந்தி."

"பிள்ளைக்கு மூச்சு முட்டுனத விடவா?"

வசந்தி ஐசியூ வாசலுக்குத் திரும்பி நடந்தாள்.

பதினோரு நாள் கழித்து வர்ஷினி வீடு வந்தாள். உயிருக்குப் பயமில்லை, நுரையீரல் பழையபடி ஆகுமா என்பதை மட்டும் இப்போது சொல்ல முடியாது என்றார்கள். குற்றமென்று யாரும் அவனைத் தேடி வரவில்லை. வசந்தி சமைக்கிறாள், வேலைக்குப் போகிறாள், மகளின் அறையில் படுத்துக்கொள்கிறாள். லிப்ட் இல்லாத வீடு. மூன்றாம் மாடிக்கு ஏறுவதற்குள் வர்ஷினி இரண்டு இடத்தில் நிற்க வேண்டியிருக்கிறது. தூக்கிக்கொள்ள ஜெயச்சந்திரன் கையை நீட்டினால் வேண்டாமென்று தலையசைக்கிறாள். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, மூச்சு அடங்கும்வரை நின்று, மேற்படியில் காத்திருக்கும் அம்மாவிடம் ஏறிப் போகிறாள்.