ஒன்பது நாடுகள் சேர்ந்து அனுப்பிய ரிலீவர்

அனல்மின் நிலையத்தின் இரண்டாவது பாய்லரை அணைத்து மூன்று மாதமாகிறது. லிங்கதுரை இன்னும் அதன் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறார். அடுத்த ஷிப்டுக்கான ரிலீவர் வந்து பதிவேட்டில் கையெழுத்துப் போடும்வரை ஷிப்டில் இருப்பவர் எழுந்திருக்கக் கூடாது. முப்பது வருடப் பழக்கம் அது. அவருடைய ரிலீவருக்கு ஓய்வு கொடுத்து ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். ஆகவே அவர் எழுந்திருக்கவில்லை.

ஜன்னலுக்கு எதிரே ஒரு புது அலுவலகம் வந்திருந்தது. அதன் பலகையில், 'ஒன்பது நாடுகளின் கூட்டு முயற்சி. பசுமை வேலைகள்: 1' என்று எழுதியிருந்தது.

அந்த ஒன்றின் மேல்தான் லிங்கதுரைக்குக் கண். ஐம்பத்து மூன்று வயதில், நெருப்பைத் தவிர எதுவும் தெரியாதவரை வேறு எவன் கூப்பிடப் போகிறான்? பயம் ஒரு பக்கம் இருக்கட்டும். பசுமை வேலையை நின்றுகொண்டு செய்வார்களா, உட்கார்ந்துகொண்டு செய்வார்களா? இதைத் தெரிந்துகொள்ளாமல் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த அலுவலகத்தின் ஒருங்கிணைப்பாளர் அமுதரசி அவரைப் பார்க்க வந்தார். அந்த மாதம் தாழ்வாரம் நீண்டுவிட்டதால் சைக்கிளில் வந்தார்.

"பழைய வேலையை விட்டாத்தான் சார் புது வேலையைப் பத்திப் பேச முடியும்."

"ரிலீவர் வேணுமே, மேடம்."

"ஒன்பது நாடும் ஒத்துக்கிட்டாங்க. ஒரு ரிலீவர் அனுப்புறாங்க."

"எந்த நாட்டுலேருந்து?"

"எல்லா நாட்டுலேருந்தும்."

திங்கட்கிழமை டென்மார்க்கிலிருந்து இரண்டு கால்கள் வந்தன. பேன்ட்டும் ஷூவும் போட்டிருந்தன. பேனல் பக்கத்தில் போய் மரியாதையாக நின்றுகொண்டன. லிங்கதுரை பேன்ட்டைத் தூக்கிப் பார்த்தார். நல்ல வேலைப்பாடு.

புதன்கிழமை பிரேசில் உடம்பை அனுப்பியது. தலைக்கு முன்னாலேயே கென்யாவிலிருந்து குரல் வந்துவிட்டது. பிளாஸ்கில் இருந்தது. மூடியைத் திறந்தார்.

"வணக்கம் அண்ணாச்சி."

"நம்ம ஊருப் பேச்சு உனக்கு எப்படிலே தெரியும்?"

"வார வழியில கேட்டுக்கிட்டே வந்தேன்."

லிங்கதுரைக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. மூன்று மாதத்தில் அவரிடம் பேச்சுக் கொடுத்த இரண்டாவது ஆள் அவன்.

தலை வந்தது. இடது கை வந்தது. வலது கை மட்டும் வரவில்லை.

"அந்தக் கைதானே கையெழுத்துப் போடும்?" என்றார் அமுதரசி. "போட்டா பொறுப்பு வந்துடும். அதான் எல்லாரும் யோசிக்கிறாங்க."

லிங்கதுரைக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. "காலைக் குடுத்தவனுக்குக் கையைக் குடுக்க என்ன வலிக்கு?"

ஆறு வாரம் பேச்சுவார்த்தை நடந்தது. கடைசியில் உள்ளங்கை பொதுநிதியிலிருந்து வந்தது. ஐந்து நாடுகள் ஆளுக்கொரு விரல் கொடுத்தன. விரல்களுக்கு ஒன்றையொன்று பழக்கமில்லை. லிங்கதுரைதான் பேனாவைப் பிடிக்கவைத்து, 'அ' எழுதச் சொல்லி, இரண்டு நாள் பழக்கினார். மூன்றாம் நாள் காலை கையெழுத்து விழுந்தது. ஒருவருக்கும் படிக்க வரவில்லை. ஆனால் கையெழுத்துதான்.

லிங்கதுரை எழுந்தார். முழங்கால் இரண்டும் சத்தம் போட்டன.

"மூணாம் நம்பர் லைட்டு சும்மாவே எரியும். நம்பிராத," என்று பொறுப்பை ஒப்படைத்தார்.

"நான் எதைப் பாத்துக்கணும் அண்ணாச்சி?"

அவர் யோசித்தார். "நெருப்பு அணையாமப் பாத்துக்கணும்னு இருந்துச்சு. இப்போ நெருப்பு வராமப் பாத்துக்கணும்."

எதிர் அலுவலகத்துக்கு ஓடினார். அங்கே அமுதரசி பலகையில் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். 'பசுமை வேலைகள்: 1. நிரப்பப்பட்டது.'

"யாரு மேடம்?"

"உங்க ரிலீவர்தான். நெருப்பு வராமப் பாத்துக்கிறதுதான் சார் அந்த வேலை."

லிங்கதுரைக்கு அழுகை வந்தது. வெட்கப்படாமல் அழுதார். அமுதரசி பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு, அவர் முடிக்கும்வரை காத்திருந்தார்.

"ஒண்ணே ஒண்ணுதானா?"

"ஒன்பது நாடு சேர்ந்து ஒண்ணு உண்டாக்கியிருக்கோம் சார். லேசுப்பட்ட காரியமா?"

லிங்கதுரை மூக்கைத் துடைத்தார். அவருக்கு ஒரு விஷயம் தெரிய வேண்டியிருந்தது.

"அவனுக்கு ஷிப்டு எத்தனை மணிக்கு முடியும்?"

அமுதரசி கோப்பைப் பார்த்தார். "ரெண்டு மணிக்கு."

"ரெண்டு மணிக்கு யாரு வந்தா அவன் எந்திரிப்பான்?"

அமுதரசி கோப்பின் கடைசித் தாள்வரை புரட்டினார். பிறகு முதல் தாளுக்கு வந்தார். உள்ளே ஒன்பது தொலைபேசிகள் அடிக்க ஆரம்பித்தன. அவர் எதையும் எடுக்கவில்லை.

லிங்கதுரை குழாயடியில் முகம் கழுவினார். தலை சீவினார். இரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பாய்லர் அறைக்குள் நுழைந்தார்.

"எந்திரிலே. உன் ரிலீவர் வந்தாச்சு."

பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார். விதிப்படி அவர் இப்போது வேலையில் இருந்தார். எதிரே அமுதரசி மறுபடி பிரஷ்ஷை எடுப்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. பலகையில் ஒன்றை இரண்டாக்க வேண்டியிருந்தது.

ரிலீவர் எழுந்து நின்றான். போகவில்லை.

"நான் எங்க போவணும் அண்ணாச்சி?"

அவனுக்கு ஒரு வீடு வேண்டும் என்பது ஒன்பது நாட்டுக்கும் தோன்றவில்லை. லிங்கதுரை இடுப்பிலிருந்து தன் வீட்டுச் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

"தூசி தட்டிட்டுப் படு," என்றார். "பத்து மணிக்கு வந்துரு. நீ வந்தாத்தான் நான் எந்திரிக்க முடியும்."