பதினோரு படி இறங்கிய தையல் கடை

"நம்மகிட்ட அளவு கொடுத்தவங்க இடுப்பையெல்லாம் ஊர் பேர் தெரியாதவன் கம்ப்யூட்டர்ல கொண்டுபோய் வைக்கச் சொல்றியா?"

"இடுப்புதானே அண்ணே, ராணுவ ரகசியமா? இன்னும் ஒரு படி இறங்கிச்சுன்னா வர்றவங்க தவழ்ந்துதான் உள்ள வரணும்."

டெய்லரும் அவர் தங்கையும் இப்படிக் கத்திக்கொண்டிருந்தபோது கடை தெருவைவிடப் பதினோரு படி தாழ்ந்திருந்தது. அளவு நோட்டுகளின் பாரம்தான் காரணம். ஆண்டுக்கு ஒரு நோட்டு நிரம்பும், கடை இறங்கும், கொத்தனார் வந்து உள்பக்கம் ஒரு படி கட்டிவிட்டு டீ குடித்துப் போவார். ஒருமுறை டெய்லர் நோட்டுகளை வீட்டுக்குக் கொண்டுபோனார். வீட்டு வாசல் புதைவதைப் பார்த்த மனைவி அன்றைக்கே திருப்பி அனுப்பிவிட்டார். தூக்கிப்போடவும் வழியில்லை. வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் வெளியூரிலிருந்து போனில் "பழைய அளவே தைங்க" என்பவர்கள். வாசலில் ரோட்டுக்கு மேலே தெரிந்தது இடுப்பு உயரம்தான். மழை வந்தால் தண்ணீர் நேராக உள்ளேதான் இறங்கும், கடையை மூட வேண்டியதுதான் என்று டெய்லருக்கே தெரியும்.

அதனால் ஒரே ஒரு நோட்டுக்கு ஒத்துக்கொண்டார். எங்கோ இருக்கும் பெரிய கம்ப்யூட்டர்களில் மாத வாடகைக்குக் கொஞ்சம் இடம் பிடிப்பதுதான் கிளவுட் என்று தங்கை விளக்கினாள். அண்ணன் வாசிக்க, அவள் போனில் ஏற்றினாள். இன்னொரு போனில் திறந்து சரிபார்த்தாள். உடனே நோட்டு அப்பளம்போல் லேசானது, கடை ஒரு படி எழும்பியது. டெய்லர் ஊசியை வாயிலிருந்து எடுக்காமலே அடுத்த நோட்டை நீட்டினார்.

சில நாள் கழித்து, ஏழாவது நோட்டில், போன் கிளவுட் பாஸ்வேர்டை மறுபடி கேட்டது. அளவைத் தவிர டெய்லர் எதையும் காகிதத்தில் குறிப்பவரல்ல. பாஸ்வேர்டை மேஜையில் கிடந்த துணியில் சாக்கால் எழுதியிருந்தார். அந்தத் துணியை வெட்டி, பேன்ட்டாகத் தைத்து, மருந்துக்கடைக்காரருக்குக் கொடுத்தும் ஆகிவிட்டது. பாஸ்வேர்டு மறந்தால் குறுஞ்செய்தி வர மாற்று எண்ணாகக் கொடுத்திருந்ததோ கடையின் பழைய தரைவழி போன், அதில் குறுஞ்செய்தி வராது. அன்றே மழை பிடித்தது. முதல் மூன்று படிகளில் தண்ணீர் இறங்கிவிட்டது.

இருவரும் மருந்துக்கடைக்கு ஓடினார்கள். "துவைச்சிட்டீங்களா?" என்று மூச்சு வாங்கக் கேட்டார் டெய்லர்.

"இன்னைக்குத்தான் போட்டிருக்கேன். ஏன், லூசா தெரியுதா?"

அலமாரிக்குப் பின்னால் போய் அவர் பேன்ட்டைக் கழற்றி நீட்டினார். இடுப்புப் பட்டையின் உள்பக்கம் எட்டு எழுத்தும் அழியாமல் இருந்தன. அங்கேயே தங்கை தன் செல் எண்ணை மாற்று எண்ணாகச் சேர்த்தாள். "இனிமே சாக்கைத் தொட்டீன்னா கையை வெட்டிருவேன்" என்றாள். டெய்லர் பேன்ட்டை மடித்துக் கொடுத்தார்.

மழை விடுவதற்குள் பதினோரு நோட்டும் ஏறிவிட்டன, கடை ரோட்டுக்குச் சமமாக நின்றது. வாசலில் எல்லோரும் நிமிர்ந்து வருகிறார்கள். இப்போது புது அளவுகள் நேராகப் போனுக்கே போவதால் கடை மாதம் ஒரு விரற்கடை ரோட்டுக்கு மேலேயும் எழும்புகிறது. கொத்தனார் வெளிப்பக்கம் படி கட்டத் தயார். எத்தனை படிக்கு இடம் விடுவது என்றுதான் தெரியவில்லை. உங்கள் தெருவிலும் இப்படி ஏறும் கடை இருந்தால், எத்தனை படி கட்டினார்கள் என்று கேட்டுக் கீழே பதில் போடுங்கள். சிமென்ட் வாங்க வேண்டும்.