வெங்காயத் தோல் நிறத்தில் நாற்பது பேர்

இபாதான் ஊர்க் கல்யாணங்களில் இபியெமிக்குப் பிடிக்காதது ஒன்றே ஒன்றுதான்: அஷோ எபி. கல்யாண வீட்டார் ஒரு துணியைத் தேர்ந்தெடுப்பார்கள். வேண்டியவர்கள் அத்தனை பேரும் அதே துணியில் தைத்துப் போட்டுக்கொண்டு வந்து நிற்பார்கள். பார்க்க அழகுதான், யார் இல்லையென்றது? ஆனால் படக்கதைக்கு ஆள் வரைந்து, அந்த ஆள் எப்படிப்பட்டவர் என்பதை உடுப்பிலேயே சொல்லிப் பிழைக்கிறவளுக்கு அது வயிற்றில் அடிக்கிற வழக்கம்.

அவள் வரைந்த கல்யாணப் பக்கத்தை பத்திரிகை முதலாளி போலஹான் வெள்ளிக்கிழமை திருப்பிக் கொடுத்தார். "என்னம்மா இது, அட்டையில முட்டை அடுக்கின மாதிரி நாப்பது பேரு. இதுல மாமியா யாரு, மாப்பிள்ளையோட பழைய சிநேகிதி யாரு, சும்மா சாப்பிட வந்தவ யாரு? நானும் தேட மாட்டேன், படிக்கிறவனும் தேட மாட்டான்."

"நாளைக்கு ஒரு கல்யாணம் இருக்கு சார். போய்ப் பாத்துட்டு வந்து மாத்தி வரையறேன்."

வேலைக்காகப் போவதாகத் தனக்கே சொல்லிக்கொண்டாள். சுத்தப் பொய். கல்யாணம் சிநேகிதி ஜொலாடேயுடையது. பள்ளிக்கூட நாளிலிருந்து ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். இப்போது எட்டு மாதமாகப் பேச்சு வார்த்தை இல்லை. கதையில் ஓர் அலட்டல் பேர்வழி தேவைப்பட்டபோது, கூர்மூக்குச் சிவப்புக் காலணி, காலுறை இல்லாத கணுக்கால், கையில் இரண்டு போன், மழை நாளிலும் கழற்றாத கறுப்புக் கண்ணாடி என்று இபியெமி ஜோராக அலங்கரித்துவிட்டாள். முகம் முழுக்கக் கற்பனை. முகத்தை யார் பார்த்தார்கள்? காலணியைப் பார்த்த மாத்திரத்தில் அது யாருடையது என்று கண்டுகொண்டு, பாதி ஊர் ஜொலாடேயின் மாப்பிள்ளைக்குப் போன் போட்டுச் சிரித்தது.

இப்போது அழைப்பிதழ் வந்தது, துணி வரவில்லை. துணி இல்லாமல் அட்டை மட்டும் வந்தால் என்ன அர்த்தம் என்று இபாதானில் குழந்தைக்கும் தெரியும். வா, சாப்பிடு, போய்ச் சேர். இபியெமி இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள், போகாமல் இருந்துவிட்டால் இந்தச் சிநேகம் அதோடு முடிந்தது என்று பயம் பிடித்துக்கொண்டது. ஜொலாடேயின் முகத்தை நேரில் ஒரு தடவை பார்த்தால் போதும், தான் இன்னும் அவளுக்குச் சிநேகிதிதானா என்பது தெரிந்துவிடும்.

மண்டபம் முழுக்க வெங்காயத் தோல் நிறத்தில் லேஸ் துணி. நடுவே இபியெமி மட்டும் பச்சைக் கவுனில், யாரோ வழியில் போட்டுவிட்டுப் போன கீரைக்கட்டு மாதிரி நின்றாள்.

"நீ ஜொலாடே கூடவே சுத்துவியே, அந்தப் பொண்ணுதான?" என்றாள் ஓர் அத்தை. "துணி எங்க?"

"தைக்க நேரமில்ல அத்தை."

"ஓகோ," என்றாள் அத்தை. 

மேடையிலிருந்து ஜொலாடேயும் பார்த்தாள். பச்சைக் கவுனை உச்சி முதல் பாதம் வரை ஒருமுறை அளந்துவிட்டு, முகத்தை வெடுக்கென்று திருப்பிக்கொண்டாள். இபியெமி கைப்பையை எடுத்துக்கொண்டாள். அப்போதே கிளம்பியிருப்பாள். அதற்குள் யாரோ அவள் முன்னால் ஜாலஃப் சோற்றுத் தட்டை வைத்துவிட்டார்கள். பரிமாறிய தட்டை விட்டு எழுந்து போகிற வளர்ப்பு அவளுடையதல்ல.

அழாமல் இருக்க வேண்டுமே என்று நோட்டை எடுத்தாள். முதல் வரிசையில் ஒருத்தி தலைக்கட்டை எத்தனை உயரம் கட்டியிருந்தாள் என்றால், பின்னால் இருந்தவர்கள் நாற்காலியையே நகர்த்திப் போட்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் அக்காவாகத்தான் இருக்க வேண்டும். இன்னொருத்தி அதே துணியை வயிற்றுப் பக்கம் தாராளமாக விட்டுத் தைத்திருந்தாள். மூன்று மாதம், வீட்டில் இன்னும் சொல்லவில்லை. தூணோரம் இருந்தவள் தேவாலய மாதர் சங்கத்து வில்லையைக் குத்திக்கொண்டு வந்திருந்தாள். வாழ்த்த வரவில்லை, குறை கண்டுபிடிக்க வந்திருக்கிறாள். இபியெமிக்குக் கை சூடு பிடித்தது. துணி ஒன்றானால் ஆட்களும் ஒன்றாகிவிடுவார்கள் என்று இத்தனை நாள் புலம்பியது மடத்தனம்.

மேளம் ஆரம்பித்ததும் முதுகைக் காட்டிக்கொண்டு ஒருத்தி ஆட வந்தாள். குட்டையான, பூசினாற்போன்ற உடம்பு. அதே லேஸ் துணிக் கவுன் தரையைப் பெருக்கியது. அதன் கை விரல் நுனி வரை தொங்கியது. முதுகு ஜிப் மேலே ஏற மறுத்து, இடைவெளியை நாலு ஊக்குகள் பிடித்துக்கொண்டிருந்தன.

இரவல் உடுப்பு என்று இபியெமி முடிவு கட்டினாள். அப்படியானால் சொந்தக்காரி எப்படி இருப்பாள்? அதையும் பக்கத்திலேயே வரைந்து பார்த்தாள். நெட்டையானவள். ஒல்லி. நீளக் கை. கவுனின் தையலோரத்தில் ஒரு பை வேறு இருந்தது. லேஸ் கவுனில் யார் பை வைப்பார்கள்? பையின் ஓரத்தில் இன்னொரு குறுகிய அறை. போன் நுழையாது, உதட்டுச் சாயமும் நுழையாது. ஒரு பென்சில் நுழையும். அதுவும் இடது பக்கம். அப்படியென்றால் சொந்தக்காரி இடது கையால் எழுதுகிறவள்.

படம் போட்டுக்கொண்டிருந்த அவளுடைய இடது கை அப்படியே நின்றது.

ஆடிக்கொண்டிருந்தவள் திரும்பினாள். இபியெமிக்கும் ஜொலாடேக்கும் பள்ளிச் சீருடை காலத்திலிருந்து தைத்துக் கொடுக்கும் ரஃபியாத்.

"அக்கா, இது யாரோட கவுன்?"

ரஃபியாத்தின் ஆட்டம் நின்றது. "நீ வந்துட்டியா. நீங்க ரெண்டு பேரும் சண்டைன்னு ஊரே சொல்லுச்சு, நீ வரமாட்டேன்னுல்ல நெனச்சேன்."

"நான் கேட்டது அது இல்ல."

"உன்னோடதுதான். ஜொலாடே துணியக் கொடுத்து, தச்சு அட்டையோட சேத்து அனுப்பச் சொன்னா. கரண்ட் இல்லடி. அட்டைய மொதல்ல அனுப்பிட்டேன். கவுன் இன்னிக்குக் காலையிலதான் முடிஞ்சுது. ஊருக்கெல்லாம் தச்சதுல எனக்குத் தச்சுக்க நேரமில்ல. நல்ல துணி, சும்மா தொங்குதேன்னு போட்டுக்கிட்டேன்."

"கழட்டு."

"இங்கயா?"

கழிப்பறையில் மாற்றிக்கொண்டார்கள். பச்சைக் கவுன் ரஃபியாத்தின் தோளுக்குக் கீழே இறங்கவில்லை. "இத யாரு தச்சது, இப்படி இறுக்கிப் பிடிச்சு," என்று அலுத்துக்கொண்டாள்.

"நீதான்க்கா."

இபியெமி மேடையேறினாள். ஜொலாடே அவளைப் பார்த்தாள், கவுனைப் பார்த்தாள், மறுபடி அவளைப் பார்த்தாள்.

"இப்பதான் மனசு வந்துச்சா? நான் அனுப்பினத ஒதுக்கிட்டு, பச்சையில வந்து என் மானத்த வாங்கினியே."

"ரஃபியாத்," என்றாள் இபியெமி.

ஜொலாடே கண்ணை மூடித் திறந்தாள். "அந்தப் பொம்பளைய என்ன செஞ்சாத் தகும்." பிறகு குரல் இறங்கியது. "பென்சில் அறை வச்சிருக்காளா? இல்லாட்டி நீ பென்சிலக் கொண்டையில சொருகிட்டு வந்து எங்க மாமியா கண்ணக் குத்திடுவியேன்னு நான்தான் வைக்கச் சொன்னேன்."

கோபத்தில் இருந்தபோதே அதை யோசித்திருக்கிறாள் என்று தெரிந்ததும் இபியெமிக்குத் தாங்கவில்லை. "மன்னிச்சிருடி. அவர அப்படி வரைஞ்சிருக்கக் கூடாது."

"கோவம் வரைஞ்சதுக்கு இல்ல. அந்தக் காலணிய நானே குப்பையில போட்டேன். ஊரெல்லாம் பாத்து முடிச்சப்புறம்தான் நான் பாத்தேன். அதான் வலிச்சுது. மொதல்ல எங்கிட்ட காட்டியிருந்தா நானும் கூடச் சேந்து சிரிச்சிருப்பேன்."

 இபியெமி இன்னும் யாருக்கும் காட்டாத நோட்டைப் பிரித்து ஜொலாடேயின் மடியில் வைத்தாள்.

கீழே ஒலிபெருக்கியில் பெண்ணை ஆட வரச் சொல்லி அழைத்தார்கள். இரண்டாம் தடவையும் அழைத்தார்கள். சிரிப்பில் தோள் குலுங்க, தலைக்கட்டு ஒரு பக்கம் சரிய, ஜொலாடே அப்போதுதான் மூன்றாவது பக்கத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.