முதல் தோள்

அம்மனைப் பல்லக்கில் ஏற்றி அரைமணி நேரம் ஆகியும் தூக்குகிற வரிசை முடிவாகவில்லை. பொம்மிடிக்குத் தெற்கே இருக்கும் அந்த ஊரில் வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரன். மாரியம்மன் திருவிழாவுக்கு லீவில் வந்தவர்கள் தலையில் பரிவட்டம் கட்டிக்கொண்டு அம்மனுக்கு முதல் தோள் கொடுப்பது வழக்கம். சென்னப்பன் பதினோரு வருஷமாக இந்த நாளுக்காகத்தான் காத்துக் கிடந்தார். மகன் நவநீதனுக்குத் திருவிழாவுக்கு லீவு கிடைத்ததே இப்போதுதான். வாரம் இரண்டு டயாலிசிஸ் ஓடும் இந்த உடம்பு அடுத்த திருவிழாவைப் பார்க்கும் என்று அவருக்கு நம்பிக்கையும் இல்லை.

பரிவட்டத் துணியோடு வந்த ரிட்டயர்டு சுபேதார் சந்திரமோகன், நவநீதனைத் தாண்டிப் போனார்.

"எம்பையனை வுட்டுட்டீங்களே மச்சான்?" என்றார் சென்னப்பன்.

"இவன் கோஸ்ட் கார்டுங்க மச்சான், கடலோரக் காவல்படை. டிஃபென்ஸ் மினிஸ்ட்ரிக்குக் கீழதான் வருது, இல்லேங்கல. ஆனா ஆர்மி, நேவி, ஏர்ஃபோர்ஸ், மூணுந்தான் பட்டாளம். ரிட்டயரானா எங்களாட்டம் எக்ஸ்-சர்வீஸ்மேன் கார்டுகூட இவனுக்குக் கெடையாது."

சென்னப்பனுக்குச் சுருக்கென்றது. வெள்ளை உடுப்புப் போட்டோவைக் காட்டி, மகன் நேவியில் இருக்கிறான் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தவர் அவர்தான். நவநீதன் ஒருமுறை திருத்தப் பார்த்தபோது, "எல்லாம் ஒண்ணுதான் போடா" என்று வாயை அடைத்தும் விட்டார். இப்போது மொத்தக் கூட்டமும் அவரைப் பார்த்தது. மானமே போனது போலிருந்தது.

"நீயும் துப்பாக்கி புடிக்கறவன்தானேடா? வாயத் தொறந்து சொல்லு!"

நவநீதன் நிதானமாகச் சொன்னான். "மாமா சொல்றது ரூல்படி சரிதானுங்கப்பா. துப்பாக்கியும் புடிச்சிருக்கேன். அதவிட ஜாஸ்தியாப் புடிச்சது தண்ணியில கெடக்கறவங்க கையத்தான். போன புயலப்ப ஒரு படகு கவுந்து ஒம்போது பேரத் தூக்கிட்டோம். பத்தாவது ஆளோட கை எங்கிட்டதான் இருந்துச்சு. வழுக்கிருச்சுங்க."

சந்திரமோகன் துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். சென்னப்பன் அவரைப் பார்க்கவில்லை. கடலில் உனக்கு என்னடா வேலை என்று இந்தப் பதினோரு வருஷத்தில் ஒருநாள்கூட மகனைக் கேட்டதில்லையே என்று வெட்கமாக இருந்தது. ஊர் பார்க்கிறது என்று வந்த வெட்கம் இல்லை அது.

பம்பை முழங்க ஆரம்பித்தது. நவநீதனின் வலது கை விரல்கள் தாமாக மடங்கி மடங்கி விரிந்தன. சென்னப்பன் அந்தக் கைக்குள் தன் கையை வைத்தார். அவன் பல்லக்கைப் பார்த்தபடியே, அவருக்கு வலிக்கும் அளவுக்கு அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.