முப்பதாம் தேதி ஏறாத வத்தல்

நாகலாபுரம் விவசாயிகள் குழுவின் மிளகாய் வத்தல் முதல் தடவையாக மலேசியாவுக்குப் போக இருந்தது. குழுவுக்குக் கோவில்பட்டியில் ஓர் அறை அலுவலகம் உண்டு. ஏற்றுமதி வேலை முழுவதையும் அங்கிருந்து பார்த்தவர் உமாதேவி. சரக்கை வாங்கும் மலேசியக் கிள்ளான் நகர வியாபாரி தன் வங்கி மூலம் பணத்துக்கு உறுதி அனுப்பியிருந்தார். எல்.சி. என்ற அந்த உறுதியில் ஒரு நிபந்தனை இருந்தது: சரக்கு முப்பதாம் தேதிக்குள் கப்பலில் ஏறியிருக்க வேண்டும்.

இருபத்தொன்பதாம் தேதி காலையில் நாகலாபுரத்தில் சரக்கு வைக்கும் கிட்டங்கி வாசலில் கன்டெய்னர் லாரி நின்றது. பாதி மூட்டை உள்ளே போயிருந்தது. அடுக்கிக்கொண்டிருந்த லோடுமேன் கொம்பையா நெஞ்சைப் பிடித்தபடி உட்கார்ந்தார். விளாத்திகுளம் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

தெருவில் பிணம் கிடக்கும்போது அந்த ஊரில் யாரும் சுமை தூக்க மாட்டார்கள். மகன் செல்வகணேஷ் சூரத்தில் வேலை பார்த்தான். அவன் வந்து சேர்ந்து, முப்பதாம் தேதி சாயங்காலம்தான் எடுத்தார்கள். அதற்குள் தூத்துக்குடியிலிருந்து கப்பல் போய்விட்டது. மீதி மூட்டைகளை மறுநாள் ஏற்றினார்கள். அடுத்த கப்பலில் அந்தக் கன்டெய்னர் நாலாம் தேதி ஏறியது.

தேதியைத் தள்ளித் தரும்படி உமாதேவி கிள்ளானுக்கு இரண்டு தடவை எழுதினார். பதில் இல்லை.

கப்பல் ஏஜென்ட் இசக்கிமுருகன், பில் ஆஃப் லேடிங்கின் தேதி போடாத வரைவு நகலோடு கோவில்பட்டிக்கு வந்தான். சரக்கைக் கப்பலில் ஏற்றிக்கொண்டதாகக் கப்பல் கம்பெனி தருகிற பத்திரம் அது. குழுத் தலைவர் வேல்ராஜும் அங்கே இருந்தார். கொம்பையாவின் சித்தப்பா மகன் அவர்.

“ஒரு நாள் பொறுக்கக் கூடாதாலே உன் கப்பல்?” என்றார் வேல்ராஜ்.

“கப்பல் என்ன கழுகுமலை டவுன்பஸ்ஸா அண்ணாச்சி, கையக் காட்டுனா நிக்க?” என்ற இசக்கிமுருகன் உமாதேவி பக்கம் திரும்பினான். “யக்கா, ஒரு வழி இருக்கு. தேதிய முப்பதுன்னு போட வச்சிருதேன். பேங்க்ல பேப்பரத்தான் பாக்காவ. கப்பல்ல ஏறியா பாக்கப் போறாவ?”

“அதுதான் தப்பு” என்றார் உமாதேவி. “வாங்குதவருக்கு ரெண்டு உரிம. சரக்கு சரியில்லன்னாலும் வேண்டாங்கலாம், பத்திரம் சரியில்லன்னாலும் வேண்டாங்கலாம். வத்தல் தங்கமா இருந்தாலும் தேதி பொய்யின்னு தெரிஞ்சா நம்ம மேல கேசு போடலாம்.”

“நெசத் தேதியப் போட்டா?” என்று கேட்டார் வேல்ராஜ்.

“அப்பவும் வேண்டாங்கலாம் அண்ணாச்சி. பிந்திட்டுல்லா.”

“அப்போ எப்படிப் போனாலும் அடிதான். ஊரு வத்தல் பூராவும் அதுல கிடக்கும்மா. பொம்பளைய ஒவ்வொருத்தியும் என்னத்தான் கேப்பாவ. முப்பதுன்னே போடச் சொல்லு.”

இசக்கிமுருகன் நகலை மேசையில் விரித்து, தேதி வரும் இடத்தில் விரலை வைத்தான். “இங்கன வரும் அண்ணாச்சி. முப்பதாம் தேதி, மூட்டை அத்தனையும் கப்பல்ல ஏறியாச்சு.”

வேல்ராஜ் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே எட்டயபுரம் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

“முப்பதாம் தேதி பாதி மூட்டை கிட்டங்கிலல்லாலே கிடந்துச்சு” என்றார். “அவன் தெருவுல கிடக்கான். நாங்க ஒருத்தனும் மூட்டையத் தொடல. தொட்டோம்னு இதுல எழுதவா?”

“சும்மா ஒரு தேதிதான் அண்ணாச்சி…”

“உனக்கு.” அவர் தாளை அவன் பக்கமாகத் தள்ளினார். “நாலுன்னே போடு.”

உமாதேவி நாலாம் தேதியிட்ட பத்திரத்தையே வங்கியில் கொடுத்தார். தாமதம் எதனால் என்று கிள்ளானுக்கும் எழுதினார். அந்த வாரம் அங்கே வத்தல் விலை இறங்கியிருந்தது. வியாபாரி ஒரே வரியில் மறுத்துவிட்டார். பத்திரங்கள் திரும்பி வந்தன.

வேல்ராஜ் மறுபடி கோவில்பட்டிக்கு வந்தபோது முகம் கறுத்திருந்தது. “நான் சொன்னதாலதான இப்படி ஆச்சு?”

“இல்ல அண்ணாச்சி. நீங்க வேற மாதிரி சொல்லியிருந்தாலும் நான் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன்.” உமாதேவி பத்திரத்தை எடுத்துக் காட்டினார். “சரக்கு கடல்ல போகுது. ஆனா இது யாரு கையில இருக்கோ, சரக்கு அவியளுதுதான். இப்போ நம்ம கையில இருக்கு. இதுல பொய் இல்ல, அதனால இன்னொருத்தருக்கு விக்கலாம்.”

நாலைந்து நாள் போனிலேயே கழிந்தது. கடைசியில் கிள்ளானிலேயே ஒரு மசாலா மில்லுக்காரர் ஒத்துக்கொண்டார். பத்திரத்தின் நகலைக் கேட்டு வாங்கி, கப்பல் தூத்துக்குடியை விட்ட நாளோடு ஒத்துப் பார்த்த பிறகுதான் சரி என்றார். விலை குறைவுதான். ஊர் பொறுத்துக்கொள்ளும் அளவு குறைவு.

உமாதேவி பத்திரத்தின் பின்பக்கம் கையெழுத்திட்டு, குழுவின் முத்திரையை வைத்தார். உறைக்குள் போடுமுன் வேல்ராஜ் அதைக் கேட்டு வாங்கினார். தேதியைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பிறகு வாசலுக்குப் போய் சூரத்துக்குப் போன் போட்டார். தான் வரப் பிந்தியதால்தானே ஊர்ச் சரக்கு நின்றுபோனது என்று, வேலைக்குத் திரும்பிவிட்ட செல்வகணேஷ் தினமும் கேட்டுக்கொண்டிருந்தான்.

“ஏலே, வித்துட்டு” என்றார். “வெல கொஞ்சம் கம்மிதான், பரவால்ல. நீ மனசப் போட்டு ஒழப்பாத. உங்கப்பன் அடுக்குன மூட்டை அடுக்குனபடியே போகுதுலே.”

சொல்லி முடித்த பிறகும் வேல்ராஜ் போனை வைக்கவில்லை. வெயிலில் அப்படியே நின்றுகொண்டிருந்தார்.